செர்ரி கவுண்டி மாட்டுப் பணம்: மானியமா, இழப்பீடா, வரைபடத்தில் விழுந்த அதிர்ஷ்டமா?

#1 மணற்குன்று

வணக்கம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் வட ஓரத்தில், செர்ரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். நாலு வருஷம் ஆச்சு. சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேச ஆளில்லை, அதனால் இதை இங்கே கொட்டுகிறேன்.

முதலில் ஊர். கவுண்டியின் பரப்பு சுமார் 6,000 சதுர மைல். கனெக்டிகட் என்ற முழு மாநிலத்தையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். மேற்குப் பக்கம் ஒரு நேரம், கிழக்குப் பக்கம் ஒரு மணி நேரம் முன்னால். இவ்வளவு இடத்துக்கும் ஆள் 5,500 பேர்தான். கறிமாட்டுத் தாய்ப்பசுக்கள் ஒன்றரை லட்சத்தை ஒட்டி. நாட்டில் வேறெந்தக் கவுண்டியிலும் இத்தனை கிடையாது. புல் மூடிய மணல் மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, நடுநடுவே காற்றாடி வைத்த தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் காட்சி.

போன வாரம் ஒரு பெரியவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். ரான்ச்சர், அதாவது மாட்டுப் பண்ணைக்காரர். வழக்கம்போல அரசாங்கத்தைத் திட்டினார், "எங்களைச் சும்மா விட்டாலே போதும்" என்றார். அவர் போனதும் பின்னால் நின்றிருந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "அவர் வாங்கின பணத்தை இணையத்தில் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நடத்தும் அந்த மானியப் பட்டியலை இங்கே எல்லாருமே ரகசியமாகப் பார்க்கிறார்கள் போல. ராத்திரி நானும் பார்த்தேன். ஆறு இலக்கம்.

பார்த்த பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்தவர் பீரோவைத் திறந்து பார்த்த கூச்சம். ஆனால் கேள்வி போகவில்லை. இந்தப் பணம் எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒமாஹா செந்தில்

இதில் விவரம் என்ன வேண்டிக்கிடக்கு அக்கா? ஏழைக்குக் கொடுத்தால் பிச்சை, பெரிய தொப்பி போட்டவனுக்குக் கொடுத்தால் "வறட்சி நிவாரணம்". ஒமாஹாவில் உணவு உதவி அட்டை வைத்திருக்கும் பெண் கடையில் என்ன வாங்கினாள் என்று கேள்வி கேட்கிறவர்கள், ஐயாயிரம் ஏக்கர்காரருக்கு செக் எழுதும்போது வாய் திறப்பதில்லை. அவர் பெயர் என்ன? பொதுப் பட்டியல்தானே, போடுங்கள்.

#3 மட்டுறுத்துநர்

பட்டியல் பொதுவாக இருக்கலாம். இந்த இழையில் தனிநபர் பெயர், பண்ணைப் பெயர், ஊர்ப் பெயர் சேர்த்து யாரையும் அடையாளம் காட்டக்கூடாது. செந்தில், இது உங்களுக்குத்தான்.

#4 கயல் கால்நடை

தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் பதினாலு வருஷமாக மாட்டு டாக்டர். கை நிறைய சாணியோடுதான் இதைப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணற்குன்று, நீங்கள் பார்த்தது எந்தத் திட்டத்தின் கீழ் என்று போட்டிருந்ததா? ஒரே ஆள் பெயருக்கு நேரே ஏழெட்டு வகைப் பணம் கூட்டித் தெரியும். மாடு செத்ததற்கு ஒன்று, மேய்ச்சல் காய்ந்ததற்கு ஒன்று, வேலியும் குழாயும் போட ஒன்று, 2020 கொரோனாவுக்கு ஒன்று. எல்லாவற்றையும் "மானியம்" என்று ஒரே சாக்கில் கட்டினால் சண்டைதான் மிஞ்சும்.

#5 மணற்குன்று

பெரும்பகுதி மேய்ச்சல் வறட்சிப் பணம். 2014-இல் ஒரு பெரிய தொகை, பிறகு 2022-ஐ ஒட்டி இன்னொன்று.

#6 கணக்கப்பிள்ளை

டெக்சாஸில் முப்பது வருஷம் விவசாயிகளுக்கு வருமானவரிக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மேய்ச்சல் வறட்சித் திட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2008 பண்ணைச் சட்டத்தில் பிறந்து, 2014 சட்டத்தில் நிரந்தரமான திட்டம் இது. இதில் உங்கள் நிலத்துக்கு யாரும் வந்து புல்லைப் பார்ப்பதில்லை. பார்ப்பது வரைபடத்தை. வாரா வாரம் வியாழக்கிழமை அமெரிக்க வறட்சி வரைபடம் வெளியாகும். மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு வரை நிறம். ஆரஞ்சு டி2, சிவப்பு டி3, கருஞ்சிவப்பு டி4. வழக்கமான மேய்ச்சல் காலத்தில் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதியை சிவப்பு தொட்டுவிட்டால் மூன்று மாதத் தீவனத்துக்கான பணம். சிவப்பு நாலு வாரம் இருந்தாலோ, கருஞ்சிவப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ நாலு மாதம். கருஞ்சிவப்பு நாலு வாரம் நின்றால் ஐந்து மாதம். வெறும் ஆரஞ்சு என்றால் முன்பெல்லாம் தொடர்ந்து எட்டு வாரம் இருக்க வேண்டும், அதற்கு ஒரு மாதப் பணம். 2025 ஜூலையில் வந்த பெரிய சட்டம் அதை நாலு வாரமாகக் குறைத்துவிட்டது.

"ஏதாவது ஒரு பகுதி" என்ற மூன்று வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தொகை எப்படி? மாட்டுக் கூட்டத்தின் ஒரு மாதத் தீவனச் செலவு, அல்லது நிலம் தாங்கக்கூடிய அளவு மாட்டுக்கு ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதம். ஒரு பேச்சுக்கு அது தலைக்கு மாதம் 50 டாலர் என்று வையுங்கள். நாலு மாதம் என்றால் தலைக்கு 200. நாற்பது பசு வைத்திருப்பவருக்கு 8,000. அறுநூற்றிருபத்தைந்து பசு வைத்திருப்பவருக்கு 1,25,000. அதற்கு மேல் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்தில் தர முடியாது, அதுதான் உச்சவரம்பு. வருமானம் சராசரியாக 9,00,000 டாலரைத் தாண்டியவருக்கு ஒன்றுமே இல்லை என்பது நெடுநாள் விதி.

உச்சவரம்பு "ஒரு ஆளுக்கு" என்பதையும் கவனியுங்கள். மனைவிக்குத் தனிப் பங்கு, மகனுக்குத் தனிப் பங்கு, கூட்டு நிறுவனம் என்று அமைத்தால் ஆளுக்கொரு வரம்பு. நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டப்படி சரிதான். எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் கனக்கும்.

#7 ஒமாஹா செந்தில்

ஆக, நாற்பது மாட்டுக்காரருக்கு எட்டாயிரம், அறுநூறு மாட்டுக்காரருக்கு ஒண்ணேகால் லட்சம். இதைத்தான் நானும் சொன்னேன், ஐயா எண்ணோடு சொல்லிவிட்டார்.

#8 மணற்குன்று

ஐயா சொன்ன "ஏதாவது ஒரு பகுதி" எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் கவுண்டி 6,000 சதுர மைல். தென்மேற்கு மூலையில் சிவப்பு ஒரு விரல் நுழைந்தால், நூறு மைல் தள்ளி வடகிழக்கில் நயோப்ரரா ஆற்றோரம் புல் இடுப்பளவு நின்றாலும் அவருக்கும் பணமா?

#9 கணக்கப்பிள்ளை

ஆமாம் அம்மா. அதே சமயம் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கவுண்டியில், நிலம் காய்ந்து வெடித்தாலும் வரைபடத்தில் அங்கே நிறம் ஏறவில்லை என்றால் சல்லிக்காசு இல்லை. கிழக்கே போகப் போக கவுண்டிகள் சின்னவை, கோடு ஓரளவு பொருந்தும். மேற்கே பெரியவை. கோடு போட்டது நூற்றாண்டுக்கு முன், நீதிமன்றத்துக்கும் வரி வசூலுக்கும். மழையைக் கேட்டுக்கொண்டா போட்டார்கள்?

#10 பேச்சிமுத்து

இதையெல்லாம் ஊரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். அந்த வரைபடத்தை யார் வரைகிறார்கள்? அவர் கையில் அல்லவா இத்தனை பேர் பணமும்?

#11 கயல் கால்நடை

நல்ல கேள்வி அண்ணே. வரைவது லிங்கன் நகரில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய வறட்சி மையமும், வேளாண் துறையும், வானிலை சார்ந்த நோவா அமைப்பும் சேர்ந்து. 1999 முதல் நடக்கிறது. பன்னிரண்டு பேர் அளவில் ஒரு குழு, முறை வைத்து வரைகிறார்கள். மழை, மண் ஈரம், ஆற்று நீர், செயற்கைக்கோள் படம் எல்லாம் பார்க்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் ஆட்கள் கருத்து அனுப்புகிறார்கள். சாதாரண ஆளும் காய்ந்த குளத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். எங்கள் ஊர்க்காரர்கள் அனுப்பத்தான் செய்கிறார்கள், அதுவும் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால். கணக்கில் எடுப்பது செவ்வாய் காலை வரையிலான நிலைமைதான்.

வரைகிறவர்கள் வறட்சியை வரைகிறார்கள், பணத்தை அல்ல. பணத்தை அதன் மேல் கொண்டுபோய்க் கட்டியது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம்.

#12 ரெனோ ரவி

நெவாடாவிலிருந்து. நீங்கள் எல்லாரும் செக்கை மட்டும் பார்க்கிறீர்கள். எங்கள் பக்கம் மானியம் செக்காக வருவதே இல்லை. வாடகை வாங்காமல் விடுவதுதான் மானியம்.

இங்கே நிலத்தின் பெரும்பகுதி கூட்டாட்சி அரசுடையது. ரான்ச்சர் அனுமதி வாங்கி மாட்டை விடுகிறார். 2025 வரை கட்டணம் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 1.35 டாலர்தான். ஒரு காபி கூட வராது. 1986-இல் ரீகன் போட்ட ஆணைப்படி அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று அடிமட்டம் வைத்தார்கள். 2019-இலிருந்து 2025 வரை அந்த அடிமட்டத்திலேயே கிடந்தது. தனியார் நிலத்தில் இருபது டாலர் தாண்டும். 2004 நிதியாண்டுக்கு காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. மேய்ச்சல் நிர்வாகத்துக்குச் செலவு குறைந்தது 14.4 கோடி டாலர், வசூல் சுமார் 2.1 கோடி.

அந்த மலிவுக் கட்டணத்தையும் கட்டாத மகானுபாவர் ஒருவர் இருந்ததை உலகமே பார்த்தது. கிளார்க் கவுண்டி கிளைவன் பண்டி. 1993-இல் கட்டணத்தை நிறுத்தி, பாக்கி பத்து லட்சம் டாலரைத் தாண்டி, 2014 ஏப்ரலில் மாட்டைப் பிடிக்க வந்த அதிகாரிகள் முன் துப்பாக்கிக் கூட்டம் நின்றது. அதிகாரிகள்தான் பின்வாங்கினார்கள்.

#13 கயல் கால்நடை

ரவி, 1.35-க்கும் 20-க்கும் நேர் ஒப்பீடு சரியில்லை. தனியார் நிலத்தை வாடகைக்கு எடுத்தால் வேலி, தண்ணீர், சில இடத்தில் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வரை சேர்த்துத்தான். அரசு நிலத்தில் வேலியைப் பழுது பார்ப்பது, குழாய் உடைந்தால் ஓடுவது பெரும்பாலும் அனுமதிதாரர் தலையில். ஓநாய் அடித்தாலும் அவர் மாடுதான். போதாக்குறைக்கு பண்ணையை விற்கும்போது அந்த அனுமதியின் மதிப்பையும் சேர்த்துத்தான் விலை. முதலில் வாங்கினவர் லாபம் பார்த்தார், இப்போது இருப்பவர் அதற்கு விலை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

#14 ரெனோ ரவி

ஒப்புக்கொள்கிறேன், ஒப்பீடு முழுசாகச் சரியில்லை. பாதி வித்தியாசத்தைக் கழித்தாலும் மலிவு மலிவுதான்.

#15 ஒமாஹா செந்தில்

வறட்சி நிவாரணத்தின் அழகுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2002, 2003-இல் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் ஒன்று இருந்தது. வறட்சிக்கென்று தொடங்கினார்கள். பிறகு காங்கிரஸ் விதியை அகலமாக்கியது: உன் கவுண்டி எந்தப் பேரிடருக்காவது அறிவிக்கப்பட்டிருந்தால் போதும். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா விண்கலம் உடைந்து சிதறி, துண்டுகள் கிழக்கு டெக்சாஸில் விழுந்தன. அதற்கு ஜனாதிபதி பேரிடர் அறிவிப்புக் கொடுத்தார். விளைவு? விண்கலத் துண்டு விழுந்த கவுண்டியில் மாடு வைத்திருந்தவர்களுக்கு "வறட்சி"ப் பணம். கறிமாட்டுத் தாய்ப்பசு தலைக்கு 18 டாலர், பால்மாட்டுக்கு 31.50. புல் பச்சையாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. வாஷிங்டன் போஸ்ட் 2006-இல் இதைத் தோண்டி எழுதியது. மொத்தம் செலவான 120 கோடி டாலரில் பாதிக்கு மேல், வறட்சி மிதமாக இருந்த அல்லது வறட்சியே இல்லாத இடங்களுக்குப் போனது என்று.

கணக்கப்பிள்ளை ஐயா, உங்கள் மாநிலம்தான். மறுக்கிறீர்களா?

#16 கணக்கப்பிள்ளை

மறுக்கவில்லை தம்பி. அந்த வருஷம் என் வாடிக்கையாளர் ஒருவர் செக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதை எந்த வரியில் காட்ட வேண்டும், எனக்கு வறட்சியே இல்லையே" என்றார். திருப்பிக் கொடுக்க மனுச் செய்யலாமா என்று கூடக் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் அதில் ஒரு காளை வாங்கினார்.

எங்கள் பக்கத்துப் பழங்கதை இன்னொன்றும் உண்டு. 1954-இல் கம்பளிச் சட்டம் கொண்டுவந்தார்கள், ராணுவச் சீருடைக்குக் கம்பளி வேண்டும் என்று. மொகேர் எனப்படும் அங்கோரா ஆட்டு முடியையும் அதோடு சேர்த்தார்கள். சீருடைக்குச் செயற்கை இழை வந்து வருஷக்கணக்கான பிறகும் பணம் மட்டும் நிற்கவில்லை. கம்பளிக்கு எவ்வளவு அதிக விலை கிடைத்ததோ அவ்வளவு அதிக மானியம் என்ற விசித்திர சூத்திரம் வேறு. நிறைய விற்றவருக்கு நிறைய. ஏபிசி தொலைக்காட்சியின் சாம் டொனால்ட்சனுக்கு நியூ மெக்சிகோ லிங்கன் கவுண்டியில் பண்ணை. இரண்டு வருஷத்தில் சுமார் 97,000 டாலர் வாங்கியிருந்தது 1995-இல் வெளியே வந்து ஊரே சிரித்தது. அதற்குள் காங்கிரஸ் 1993-லேயே சட்டத்தை ரத்து செய்து, படிப்படியாக முடித்துக்கொண்டிருந்தது. மொகேர் பின்னால் 2002 சட்டத்தில் கடன் வடிவில் மறுபடி தலைகாட்டியது. இந்த ஊரில் ஒரு மானியத்தைக் கொன்றால் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காவல் காக்க வேண்டும்.

#17 கயல் கால்நடை

நீங்கள் எல்லாரும் சொல்வது சரி. ஆனால் நான் பார்த்த ஒன்றையும் கேளுங்கள்.

2013 அக்டோபர் 3. இன்னும் குளிர்காலம் தொடங்கவில்லை. மாடுகள் கோடை மேய்ச்சலில், திறந்த வெளியில். குளிர்கால ரோமம் வளரவில்லை. முதலில் மழை, நாள் முழுக்க. தோல் வரை நனைந்த பிறகு அது பனியாக மாறியது, காற்று மணிக்கு அறுபது, எழுபது மைல். இரண்டு நாள். மாடு காற்றுக்கு முதுகு காட்டி நடந்துகொண்டே இருக்கும். வேலி வந்தால் வேலியோடு நடக்கும். பள்ளம் வந்தால் பள்ளத்தில் இறங்கும். அங்கேதான் குவிந்து கிடந்தன.

ஐந்தாம் தேதிக்குப் பிறகு ஒரு பண்ணைக்குப் போனேன். ஓடைப் பள்ளத்தில் பனி உருக உருக ஒவ்வொன்றாகக் கால்கள் தெரிந்தன. பண்ணைக்காரர் ஒரு சின்ன நோட்டுடன் இறங்கினார். காதுத் தகட்டு எண்ணைத் துடைத்துப் படித்து எழுதுவார். தகடு பிய்ந்திருந்தால் இடுப்பில் சூடு போட்ட குறியைத் தேடுவார். பக்கத்துப் பண்ணை மாடுகளும் கலந்து கிடந்தன, அவற்றுக்குத் தனிப் பக்கம். அவருடைய மகள் ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்தாள். சினைப்பசுக்கள். அடுத்த வசந்தத்தில் கன்று போட வேண்டியவை. ஒரு எண்ணைப் படித்துவிட்டு அவர் நோட்டை மூடி, வண்டிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அந்தப் பசு, கன்றிலிருந்து தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது என்று மகள் பிறகு சொன்னாள்.

ஏன் படமும் நோட்டும்? அரசு இழப்பீட்டுக்கு. அந்த நேரம் இழப்பீட்டுத் திட்டமே உயிரோடு இல்லை. 2011 செப்டம்பரில் காலாவதியானது, புதுப் பண்ணைச் சட்டத்தை காங்கிரஸ் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 1 முதல் அரசாங்கமே மூடிக் கிடந்தது. விண்ணப்பம் வாங்கும் வேளாண் துறையின் எஃப்எஸ்ஏ அலுவலகக் கதவில் பூட்டு. "எல்லாவற்றையும் எழுதி வை, படம் எடுத்து வை, எப்போதாவது சட்டம் வந்தால் பார்க்கலாம்" என்பதுதான் ஊரில் பேச்சு. பலர் என்னிடம் சாட்சிக் கடிதம் வாங்கினார்கள். எத்தனை கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எண்ணவில்லை.

சட்டம் 2014 பிப்ரவரி 7-இல் ஒபாமா கையெழுத்தோடு வந்தது. பின்தேதியிட்டுப் பணம் கொடுத்தார்கள். சந்தை விலையில் 75 சதவீதம், அதிலும் வழக்கமாகச் சாகக்கூடிய எண்ணிக்கையைக் கழித்துக்கொண்டு. விண்ணப்பம் வாங்கியதே ஏப்ரல் நடுவில். அதுவரை ஆறு மாதம் வங்கிக்காரன் காத்திருப்பானா?

செந்தில், அந்த மனிதரின் பெயரும் உங்கள் பட்டியலில் ஆறு இலக்கத்தோடு இருக்கும். பார்ப்பவருக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும்.

#18 ஒமாஹா செந்தில்

டாக்டர், அதற்கு நான் எதிரே இல்லை. செத்த மாட்டுக்குக் கொடுங்கள். எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறார்கள், படம் கேட்கிறார்கள். என் சண்டை எண்ணாமல் கொடுப்பதோடு.

#19 ரெனோ ரவி

இதைச் சொல்ல இந்த இழையில் பதினெட்டு பதிவு தேவைப்பட்டிருக்கிறது.

#20 மணற்குன்று

கயல், நீங்கள் எழுதியதைக் கடையில் உட்கார்ந்து படித்தேன், வாடிக்கையாளர் வந்து நின்றது கூடத் தெரியவில்லை.

இப்போது எங்கள் பெரியவரின் 2014 தொகை புரிகிறது. அது 2012 வறட்சிக்கானதா?

#21 கணக்கப்பிள்ளை

அதுவேதான். 2012-இல் நெப்ராஸ்காவின் பெரும்பகுதி கருஞ்சிவப்பு. மேய்ச்சல் திட்டமும் அப்போது காலாவதி. 2014 சட்டம் 2011 அக்டோபர் 1 வரை பின்னோக்கிப் போனது. அதாவது 2012-இல் புல் இல்லாமல், காய்ந்த புல் கட்டு யானை விலை விற்க, வந்த விலைக்குத் தாய்ப்பசுவைத் தள்ளிவிட்ட மனிதருக்கு இரண்டு வருஷம் கழித்து செக். 2014-இல் மாட்டு விலை அதுவரை காணாத உச்சம். தேவைப்பட்டபோது பணம் இல்லை, பணம் வந்தபோது மாட்டை மறுபடி வாங்க முடியாத விலை.

"மாட்டை விற்காமல் வைத்திருந்தவனுக்குத்தானே பணம், இது நிலத்தை மொட்டையடிக்கத் தூண்டும்" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. வறட்சியால் விற்ற மாட்டுக்கும் 80 சதவீத விகிதத்தில் உண்டு. பலருக்கு அது தெரியாமல் விண்ணப்பத்தில் விட்டுவிடுவார்கள்.

2022 வசந்தத்தில் வந்தது இன்னும் வேடிக்கை. முந்தின வருஷ வறட்சிக்குக் கூடுதல் உதவி, விண்ணப்பமே வேண்டாம், பழைய விண்ணப்பத்தை வைத்துத் தானாகவே கணக்கில் விழுந்தது. ஒரு வாடிக்கையாளர் வங்கி தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்து எனக்குத் தொலைபேசினார்.

#22 கணக்கப்பிள்ளை

இன்னொன்று விட்டுப்போயிற்று. பட்டியலில் தெரியாத பணமே இப்போது பெரிசாகிக்கொண்டிருக்கிறது. மேய்ச்சல் மழைக் காப்பீடு. பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டும். வானிலைக் கட்டம் ஒன்று, சுமார் பதினேழு மைலுக்குப் பதினேழு மைல். அந்தக் கட்டத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு மாதத்தில் மழைக் குறியீடு குறைந்தால் பணம். உங்கள் புல் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மேய்ச்சலுக்குச் சம்பந்தமில்லாத குளிர்கால மாதங்களைத் தேர்ந்தெடுத்துச் சூதாடுகிறவர்களும் உண்டு. இதற்கு உச்சவரம்பு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது, வாங்கியவர் பெயரை வெளியிடச் சட்டம் விடாது. மணற்குன்றுகளில் பெரும் நிலம் வைத்திருக்கும் கோடீஸ்வரர்களுக்கு வறட்சி செக்கில் கதவு மூடினாலும் காப்பீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. யார் உள்ளே போனார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

செந்தில் தம்பி கோபப்பட வேண்டிய இடம் இது. ஆனால் இங்கே பெயர் இல்லாததால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

#23 வடமலை

புதிதாக வருகிறேன். பைன் ரிட்ஜ் பக்கம் சில வருஷம் ஆசிரியர் வேலை பார்த்தேன். செர்ரி கவுண்டியின் வட எல்லைக்கு அந்தப் பக்கம்தான் பைன் ரிட்ஜும் ரோஸ்பட்டும், லகோட்டா மக்களின் ஒதுக்கீட்டு நிலம். அங்கேயும் மாடு வளர்க்கிறார்கள், அதே புல், அதே வறட்சி. கொடுத்ததைப் பற்றியே பேசுகிறீர்கள், கொடுக்காததையும் பேசுங்கள்.

பழங்குடி ரான்ச்சர்களுக்கு வேளாண் துறை கடன் மறுத்தது, தாமதித்தது என்று 1999-இல் கீப்ஸீகிள் வழக்கு. 2010-இல் 76 கோடி டாலருக்குச் சமரசம். 68 கோடி இழப்பீடு, 8 கோடி கடன் தள்ளுபடி. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், உரிமை கோரி வென்றவர்கள் சுமார் 3,600 பேர்தான், பாதிக்கு மேல் பணம் மிஞ்சிவிட்டது. ஏன் ஆள் வரவில்லை? பலர் அதற்குள் மாட்டை விற்று முடித்திருந்தார்கள், பலர் செத்தே போயிருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் திட்டத்தில், கடன் கிடைக்காமல் தலைகளே குறைந்துபோனவனுக்கு என்ன கிடைக்கும்?

#24 ஒமாஹா செந்தில்

இதை நான் யோசித்ததே இல்லை வடமலை அண்ணே.

#25 கணக்கப்பிள்ளை

அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பதும் அரசாங்கக் கொடைதான். குடியேறுபவருக்கு அரசு அதுவரை தந்த 160 ஏக்கரில் மணற்குன்றில் பிழைக்க முடியாது என்று 1904-இல் கின்கெய்ட் சட்டம், ஆளுக்கு 640 ஏக்கர். அதற்கு முன்பே பெரிய மாட்டுக்காரர்கள் பொது நிலத்தை வேலி போட்டு வளைத்திருந்தார்கள். ஸ்பேட் ரான்ச் என்ற பெரும் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் பிடிபட்டார். 1905-இல் கிடைத்த தண்டனை 300 டாலர் அபராதம், ஆறு மணி நேரக் காவல். ஆறு மணி நேரம்! தியோடர் ரூஸ்வெல்ட் கொதித்து அரசு வழக்கறிஞரை வேலையை விட்டே அனுப்பினார். மறுபடி வழக்கு, ஓராண்டுச் சிறை, தண்டனைக் காலத்திலேயே 1911-இல் செத்துப்போனார். இழைக்குச் சம்பந்தமில்லை, வாய் சும்மா இருக்கவில்லை.

#26 மணற்குன்று

பெரியவர் இன்று மாத்திரைக்கு வந்தார். பட்டியலைப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். "எல்லாரும்தான் பார்க்கிறார்கள், என் தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள்" என்று சிரித்தார்.

2012-இல் பாதிக் கூட்டத்தை விற்றாராம். அவருடைய அப்பா காலத்திலிருந்து தேர்ந்தெடுத்துக் கட்டிய பரம்பரை, ஒரே மத்தியானத்தில் நாலு லாரியில் போனது. 2014 செக்கில் வங்கிக் கடனை அடைத்ததாகச் சொன்னார். 2022 பணத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அந்த வருஷம் எனக்குப் பரவாயில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

பிறகு அவரே போனை எடுத்து வறட்சி வரைபடத்தைக் காட்டினார். வியாழன் காலை மாட்டுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதற்கு முன் முதல் வேலை அதுதானாம். கவுண்டியின் தெற்கு ஓரத்தில் ஆரஞ்சு. விரலால் பெரிதாக்கி, கோடு தன் வேலிக்கு எங்கே வருகிறது என்று காட்டி, "இங்கே தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்றார். எந்தப் பக்கம் தப்பு என்று சொல்லவில்லை.

#27 ஒமாஹா செந்தில்

கேட்டிருக்க வேண்டும் அக்கா.

#28 கயல் கால்நடை

கேட்காததும் நல்லதுதான். அடுத்த மாதமும் அவர் மாத்திரை வாங்க வர வேண்டுமே.

#29 பேச்சிமுத்து

அங்கே இப்போது மழை உண்டா தங்கச்சி?

#30 மணற்குன்று

நேற்று தெற்கே நல்ல மழையாம் அண்ணே, ஓடையில் தண்ணீர் ஓடுகிறதாம். கடைப் பக்கம் நாலு தூறல். தரை கூட நனையவில்லை.